கேள்வி நேரம்: பை, நாய், பெடியள்

ஒரு வாசகர், ஹோம்புஷ், சிட்னி: ஊரில் தூரத்துச் சொந்தம் ஒருவர், "இந்தப் பையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துடுப்பா" என்கிறார். உள்ளே ஏதாவது இருந்து பிடிபட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கலாமா?

அந்த வாதத்துக்கு இங்கே ஒரு சரித்திரமே உண்டு. 1982 நவம்பரில் மலேசியாவிலிருந்து மெல்பர்ன் விமான நிலையத்தில் வந்திறங்கினார் ஹீ காவ் டே என்பவர். பையின் அடியில் கள்ள அறை, அதற்குள் 2.788 கிலோ ஹெராயின். கடத்தல் குற்றத்துக்கு, அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்கத் தேவையில்லை என்று விசாரணை நீதிபதி ஜூரிக்குச் சொல்லிவிட்டார். 1985-ல் ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை. தெரிந்தேதான் கொண்டுவந்தார் என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. (இந்த நாட்டில் ஹைகோர்ட்தான் உச்ச நீதிமன்றம். நம்மூர்க் கணக்கில் குழம்ப வேண்டாம்.)

அதற்காகத் தைரியமாகப் பையை வாங்கிவிடாதீர்கள். இன்றைய கடத்தல் சட்டத்தில், போதைப்பொருளாக இருக்கலாம் என்று உணர்ந்தும் துணிந்து கொண்டுவந்தீர்கள் என்று காட்டினாலே போதும். தூரத்துச் சொந்தம் தூரத்திலேயே இருக்கட்டும்.

ஒரு வாசகி, பென்டில்ஹில்: என்ர மகன் மெல்பேணில மூண்டு பெடியளோட ஒரே வீட்டில இருக்கிறான். மற்றவன்ர சாமான் அங்க பிடிபட்டா இவனுக்கும் பிரச்சினையோ?

வரலாம் அம்மா. விக்டோரியா மாநிலத்தின் 1981-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 5-வது பிரிவு என்று ஒன்று உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடத்தில் போதைப்பொருள் இருந்தால் அது உங்களிடம் இருந்த மாதிரிதான். இல்லையென்று கோர்ட்டை நம்பவைப்பது உங்கள் பாடு. ஆனால் 2011-ல் மோம்சிலோவிச் வழக்கில் ஹைகோர்ட் இதற்கு ஓர் எல்லை போட்டது. ஒரு பெண்ணின் மெல்பர்ன் அடுக்குமாடி வீட்டில் போலீஸ் சோதனை, போதைப்பொருள் சிக்கியது. அது என்னுடையது என்று அவருடைய துணைவரே சாட்சி சொன்னார். விற்பனைக் குற்றச்சாட்டுக்கு அந்த 5-வது பிரிவைக் குறுக்குவழியாக்க முடியாது என்று தீர்ப்பு. இங்கேயும் தண்டனை ரத்து, மறுவிசாரணை. வெறுமனே வைத்திருந்த குற்றத்துக்கு அந்தப் பிரிவு அப்படியேதான் நிற்கிறது. அறைக்கூட்டாளிகளைப் பார்த்துச் சேரச் சொல்லுங்கள்.

ஒரு மாணவர், ஸ்ட்ராத்ஃபீல்ட்: சென்ட்ரல் ஸ்டேஷனில் போலீஸ் நாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது!

தடவிக்கொடுக்காதீர்கள், டியூட்டியில் இருக்கிறது. நாய் இப்படி உட்கார்ந்து காட்டிக்கொடுத்தவர்களைச் சோதித்ததில் 26 சதவீதம் பேரிடம்தான் போதைப்பொருள் கிடைத்தது என்று நியூ சவுத் வேல்ஸ் ஆம்புட்ஸ்மன் 2006-லேயே எழுதிவிட்டார். நாலுக்கு மூன்று பிசகுகிற சாட்சியை வக்கீல்கள் கிழித்து எடுத்துவிடுவார்கள். நாயைக் கூண்டிலேற்ற வழியில்லையே! 2018-ல் ஓர் இசை விழாவில் நாய் மோப்பம் பிடித்ததை வைத்து ஒரு பெண்ணின் ஆடையைக் களையவைத்துச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. 2025-ல் மாநில சுப்ரீம் கோர்ட் அவருக்கு 93,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

ஒரு வாசகர், வென்ட்வொர்த்வில்: போலீஸ் சட்டத்தை மீறிச் சோதித்தால் கேஸ் தள்ளுபடிதானே?

சினிமாவில். இங்கே சாட்சியச் சட்டம் 138-வது பிரிவின்படி, முறைகேடாகக் கிடைத்த சாட்சியம் உள்ளே வராது; ஆனால் அதைச் சேர்ப்பதில்தான் நன்மை அதிகம் என்று அரசுத் தரப்பு காட்டினால் வரும். மீறல் வேண்டுமென்றே செய்ததா, குற்றம் எவ்வளவு பெரிது என்றெல்லாம் பார்ப்பார்கள். பாக்கெட்டில் ஒரு மாத்திரை என்றால் நம்பிக்கை வைக்கலாம். டிக்கியில் 20 கிலோ என்றால் நல்ல வக்கீலை வையுங்கள்.

ஒரு வாசகர், மதுரை: நம்மூரில் எப்படி?

ஹீ காவ் டே தீர்ப்பு வந்த அதே 1985-ல்தான் இந்தியாவில் என்.டி.பி.எஸ். என்னும் போதைப்பொருள் சட்டம் வந்தது, நேர் எதிர்த்திசையில். அதன் 35-வது பிரிவுப்படி, நீங்கள் மனமறிந்து செய்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு 50-வது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது: கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த உரிமையைப் போலீஸ் சொல்லாமல் விட்டால், அந்தச் சோதனையில் கிடைத்ததை மட்டும் நம்பிக் கொடுத்த தண்டனை நிற்காது என்றது 1999-ல் பல்தேவ் சிங் தீர்ப்பு. இந்தப் பாதுகாப்பு உடம்புச் சோதனைக்கு மட்டும், பைக்குக் கிடையாது.

ஒரு வாசகர், டூங்காபி: அப்பீலுக்கு எவ்வளவு நாள்?

நியூ சவுத் வேல்ஸில் லோக்கல் கோர்ட் தண்டனை என்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போக 28 நாள். தவறினால் மூன்று மாதத்துக்குள் அனுமதி கேட்கலாம். கிடைத்தே தீரும் என்று இல்லை. இதை எனக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காமல் இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.