பெரியப்பா நேரில் பார்த்தது

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் மேட்சை நேரில் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளை, அறுபதைத் தொட்ட சென்னைவாசிகளில் அபூர்வம். அத்தனை பேரும் நிஜமாகவே போயிருந்தால் ஸ்டேடியம் கொள்ளாமல் மெரினா மணலில் பாய் விரித்து உட்கார வைத்திருக்க வேண்டும். அயனாவரம் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் முதல் வரிசைக்காரர்.

அவருடைய வர்ணனை எப்போதும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும். "வெயிலுன்னா வெயிலு, அன்னிக்கு அப்படி ஒரு வெயிலு." பிறகு டீன் ஜோன்ஸ் வருவார். ஆஸ்திரேலியாக்காரர் சென்னை வெயிலில் சுருண்டு, பிட்ச் ஓரத்திலேயே வாந்தி எடுத்து, முடியவில்லை என்று சொல்ல, "அப்படின்னா தெம்பான ஆள் ஒருத்தனை அனுப்பறேன்" என்கிற மாதிரி கேப்டன் ஆலன் பார்டர் சீண்டிவிட, ரோஷம் வந்து 210 ரன் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 வேண்டும். கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் ஓடி ஸ்கோரைச் சமன் செய்கிறார். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் காலில் வாங்குகிறார். அம்பயர் விரல் மேலே போகிறது. இந்தியா 347 ஆல் அவுட். டை! 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அப்புறம் இது இரண்டாவது. மூன்றாவது இன்றுவரை நடக்கவில்லை.

இந்த இடத்தில் பெரியப்பா தன் வலது கை ஆள்காட்டி விரலை அம்பயர் மாதிரியே தூக்கிக் காட்டுவார். குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்கும். சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வரும்.

"அந்த வாரம் பூரா மஞ்சள் காமாலைல படுத்துக் கிடந்தீங்க. நான்தான் வேளாவேளைக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். வாந்தி எடுத்தது டீன் ஜோன்ஸ் இல்ல, நீங்க."

"ரேடியோ நெஞ்சு மேலயேதானே இருந்துது? அது நேர்ல பார்த்த மாதிரிதான்!"

இதிலாவது காதால் கேட்ட சாட்சி என்று ஒரு சமாதானம் உண்டு. 1983 கதையில் அதுவும் கிடையாது. அந்த வருஷ உலகக் கோப்பையில் ஜூன் 18ஆம் தேதி, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற சின்ன ஊரில் இந்தியாவும் ஜிம்பாப்வேயும் ஆடின. 17 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. கபில்தேவ் நின்று ஆடி 138 பந்தில் 175 ரன், அவுட் ஆகாமல். இந்தியா 31 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. இத்தனை பெரிய ஆட்டத்துக்கு வீடியோப் பதிவு என்று ஒன்று கிடையாது. மைதானத்தில் இருந்தவர்கள் தவிர யாரும் கண்ணால் கண்டதில்லை.

பெரியப்பா கண்டார். பக்கத்து வீட்டு சாலிடேர் டி.வி.யில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. மைதானத்தைச் சுற்றிப் புதர் புதராகச் செடி, அதில் ஊதாப் பூ பூத்திருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது அவருக்கு. "தாத்தா, அது பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. தானே?" என்று பேரன் கேட்டதற்கு, "நல்ல டி.வி.டா அது" என்று மட்டும் பதில் வந்தது.

2021இல் '83' படம் வந்தபோது குடும்பத்தோடு போனார்கள். ரன்வீர் சிங் கபிலாகவும் நம்ம ஜீவா ஸ்ரீகாந்தாகவும் நடித்த படம். அந்த 175ஐயும் அதில் எடுத்திருந்தார்கள். வெளியே வந்ததும் பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார். "பரவால்ல. நான் பார்த்த மாதிரியேதான் எடுத்திருக்கான்."

இதெல்லாம் அவராகக் கற்றுக்கொண்டதில்லை, ரத்தத்தில் வந்தது. பெரியப்பாவின் அப்பா கும்பகோணத்தில் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை. 1944 தீபாவளிக்கு வெளியான தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்டது சரித்திரம். அந்த மூன்று தீபாவளிக்கும் தான் பிராட்வேயில் இருந்ததாகத் தாத்தா சொல்லுவார். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தீபாவளி சமயத்தில் எந்த முதலாளி லீவு கொடுத்தார் என்பதை அவர் காலத்தில் கேட்க ஆளில்லை. மகன் அந்த மரபைக் காப்பாற்றினார். 1964 பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ கியூவில் அடிதடியில் சட்டை கிழிந்ததாகச் சொல்லுவார். பெரியப்பா பிறந்தது 1958. ஐந்தரை வயசில் சட்டை கிழிந்தது நிஜமாக இருக்கலாம். கிழித்தது யார் என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

பார்த்ததற்கு அடுத்தபடி, முன்கூட்டியே சொன்னது. 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர். ரஹ்மானுக்கு அப்போது 25 வயசு. கேசட்டின் முதல் பாட்டைக் கேட்டதுமே, "இந்தப் பையன் எங்கயோ போகப் போறான்" என்று தான் சொன்னதாகப் பெரியப்பா சத்தியம் செய்வார். அந்தக் கேசட்டைத் தன் காசில் வாங்கி வந்த மூத்த மகனுக்கு வேறு மாதிரி ஞாபகம். "என்னடா இது, பாத்திரத்தைப் போட்டு உருட்டற மாதிரி? அதை அணைச்சுட்டு ராஜா கேசட்டைப் போடு." முதல் படத்துக்கே ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்த அன்றுதான் வாக்கியம் மாறியது என்று மகன் சொல்கிறான். பெரியப்பாவோ, "எங்கயோ போகப் போறான்னா, டேப் ரெக்கார்டரை விட்டுப் போகப் போறான்னு அர்த்தமாடா?" என்று மடக்கிவிடுவார்.

இவ்வளவு நிகழ்ச்சிகளை நேரில் பார்த்தவருக்கு ஒரு பழக்கம் மட்டும் பொருந்தாமல் நின்றது. எதையும் அவர் கடைசி வரை பார்த்ததில்லை. சினிமாவில் கதாநாயகன் வில்லனின் கோடவுனுக்குள் நுழைந்த உடனே பெரியப்பா எழுந்துவிடுவார். எல்லாரும் வெளியே வந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை உருவ முடியாதாம். எத்தனையோ படங்களில் வில்லன் செத்தானா இல்லையா என்பது அவர் வீட்டாருக்கு இன்னும் தெரியாது. மார்கழிக் கச்சேரியிலும் அதே கதைதான். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்து மிருதங்கக்காரர் வலந்தலையில் கை வைத்ததும் சபாவில் பாதிப்பேர் கேன்டீனுக்கு நடப்பார்கள். பெரியப்பா அவர்களோடு கேன்டீன் வரை போய், ரவா தோசை சாப்பிட்டு, அங்கிருந்து அப்படியே பஸ் ஸ்டாப். மங்களம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குக் கேள்வி ஞானம்தான்.

போன பொங்கலுக்கு பீரோவை ஒழித்தபோது, பழைய எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவிலிருந்து பேரன் ஒரு சீட்டை உருவினான். கிரிக்கெட் டிக்கெட்டின் பாதி. சேப்பாக்கம், 1999 ஜனவரி, இந்தியா - பாகிஸ்தான். "தாத்தா, நீ இதுக்கு நிஜமாவே போயிருக்க!" என்று அவன் கத்தினான். பெரியப்பா முகத்தில் அசடு வழிந்தது. "அது கிடக்கட்டும், பழைய குப்பை. தூக்கிப் போடு" என்றார். பார்க்காத மேட்சை முப்பது வருஷம் சொன்னவர், பார்த்த மேட்சைக் குப்பை என்கிறாரே என்று வீடே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நான் சொல்றேன்."

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் நண்பர் கொடுத்த டிக்கெட். இந்தியாவுக்கு 271 இலக்கு, 82க்கு 5 விக்கெட் போயாச்சு. டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று ஆடுகிறார். நயன் மோங்கியா 52 அடித்துக் கைகொடுத்தார். டெண்டுல்கர் நூறைத் தாண்டி, சக்லைன் முஷ்டாக்கை அடித்து விளாசி, வேண்டியது இருபது சொச்சம் என்று ஆனபோது பெரியப்பா வாட்சைப் பார்த்தார். ஜெயிச்சாச்சு. இத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் அயனாவரம் பஸ்ஸில் கால் வைக்க முடியுமா? எழுந்து வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஸ்டேடியத்திலிருந்து சத்தமே இல்லை. டிரிங்க்ஸ் இடைவேளை என்று நினைத்துக்கொண்டார். உள்ளே டெண்டுல்கர் 136இல் அவுட். வேண்டியது 17, கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலு ரன்னுக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் கைதட்டல் கிளம்பியது. விட்டு விட்டு இல்லை, மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று தட்டுகிற நீண்ட கைதட்டல். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வர, தோற்ற ஊர்க்காரர்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்களே, உலகமே வியந்து பேசியதே, அந்தக் கைதட்டல்தான் அது.

பெரியப்பாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நேரே ஒரு ஸ்வீட் கடைக்கு நடந்தார். அரை கிலோ ஜாங்கிரி கேட்டதற்குக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். சில்லறைப் பிரச்சினை போலிருக்கிறது என்று சரியாக எண்ணிக் கொடுத்தார். பஸ்ஸில் ஒருவரும் வாயே திறக்கவில்லை. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று புரிந்துகொண்டார். வீட்டுக்குள் நுழைந்தால், அணைத்த டி.வி.க்கு முன்னால் பெண்டாட்டி பிள்ளைகள் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன, ஜெயிச்சும் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு இருக்கீங்க? எந்திரிங்க, எந்திரிங்க!" என்று பொட்டலத்தைப் பிரித்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் தொடவும் இல்லை. பெரியம்மாதான் பொட்டலத்தை வாங்கி எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு ஜாங்கிரி இருந்தது. இந்தியா தோற்றதும் 12 ரன்னில்தான்.

"ரன்னுக்கு ஒண்ணா நீங்களே சாப்பிடுங்க" என்று தட்டில் வைத்துக் கொடுத்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் பெரியப்பா அதைத்தான் சாப்பிட்டார். பன்னிரண்டையும், கடைசி வரைக்கும்.