மூன்று மாதம் ஆகட்டும்

1993-ல் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். நாள் தள்ளிப்போனதை வீட்டில் முதலில் கவனித்தவர் என் மாமியார். மாதம் மூன்று நாள் பின்கட்டில் ஒதுங்கி உட்காரும் வீடு அது. யார் எப்போது உட்கார்ந்தார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "ஏளா, இந்த மாசம் நீ ஒதுங்கலியே?" என்று கிணற்றடியில் கேட்டார். பரீட்சை வருது, அலைச்சல், அதனால இருக்கும் அத்தை என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு ஆச்சி மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். என் சேதி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் தங்கை மகளுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. சென்னையில் ஐ.டி. வேலை, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, வீட்டுக் கடன், அடுத்து லண்டனுக்கு ஆன்சைட் போகிற வாய்ப்பு. பிள்ளை என்பது அந்தக் கணக்கில் இரண்டு வருஷம் தள்ளியிருந்தது. ஒருநாள் விடிவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் வந்தது. வாஷ்பேசின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை, அதில் இரண்டு சிவப்புக் கோடு. கீழே, "பெரியம்மா, அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

கரு கருப்பையில் ஒட்டிய பிறகு எச்.சி.ஜி. என்கிற ஹார்மோன் சுரந்து சிறுநீரில் இறங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கும் பட்டை இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. நாள் தள்ளிய மறுநாளே தெரிந்துகொள்ளலாம். எனக்கு அப்படி நடக்கவில்லை. கழுவிக் காயவைத்த பென்சிலின் பாட்டிலில் காலை முதல் சிறுநீரைப் பிடித்து, காகிதத்தில் சுற்றி, கடைத்தெரு லேபில் கொடுத்தோம். சீட்டு மறுநாள் வந்தது. அதையும் என் கையில் யாரும் தரவில்லை. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாமியாரிடம்தான் சொன்னார். கடைசியாக ஒதுங்கி உட்கார்ந்த முதல் நாளிலிருந்து எண்ணுவது டாக்டர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் அப்போதே எனக்கு மூன்றாம் மாதம் பிறந்திருந்தது.

சீக்கிரம் தெரிவது எவ்வளவு பெரிய நன்மை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவைப்படுவது அந்த நாட்களுக்காகத்தான். எனக்கு முதல் மாத்திரை வந்தபோது அந்தக் குழாய் மூடி எத்தனையோ நாள் ஆகியிருக்கும். தங்கை மகள் பட்டையைப் பார்த்த அன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் தெரிகிற நாள் முன்னால் வந்துவிட்டதே தவிர, வெளியே சொல்கிற நாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "மூணு மாசம் ஆகட்டும், கண்ணு பட்டுரும்." எங்கள் காலத்தில் தெரியும்போதே மூன்றாம் மாதம், மறைக்க வேண்டியது சில நாள்தான். இன்றைய பெண் நாலாவது வாரத்திலேயே தெரிந்துகொண்டு, பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உடம்பு மிக மோசமாகப் படுத்துவதும், மனசு ஒரு நிலையில் நில்லாததும் அந்த எட்டு வாரத்தில்தான். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் 'பிக்மி' என்கிற அரசு இணையதளத்தில் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது அரசாங்கம். அரசாங்கத்திடம் சொல்லலாம், பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லக்கூடாது.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். எங்கள் தெருவுக்குப் பின்னால் அரிசி ஆலை இருந்தது. நெல் அவிக்கிற அந்த வெந்த வாசனை விடியற்காலையிலேயே ஜன்னல் வழியாக உள்ளே வரும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன். ஓடுவதற்குள் மஞ்சளாகப் பித்தம் மேலே வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் டீசல் வாசனை. பத்தமடை வரும்போது கண்டக்டர் தானாகவே விசில் கொடுத்து நிறுத்துவார், நான் இறங்கி ஓரமாக உட்கார்ந்து எந்திரிப்பேன். ஒரு பஸ் முழுக்கக் காத்துக்கொண்டிருக்கும். பின்சீட்டுக் கிழவி ஒருத்தி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துபார்க்கக் கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. அதே சமயம், "எங்க காலத்துல இப்பிடியா வாந்தி எடுத்தோம், எல்லாம் செல்லம்" என்று என் காதுபடப் பேசியவர்களும் உண்டு. அந்தப் பேச்சு வாந்தியைவிட அதிகமாக வாட்டியது.

அது செல்லம் இல்லை என்பதற்கு விளக்கம் வர 2023 டிசம்பர் ஆனது. 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அது. கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் ஜி.டி.எஃப். 15 என்கிற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அது மூளையைத் தொட்டுக் குமட்டலை உண்டாக்குகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் குறைவாக இருந்து பழகிய பெண்களுக்குத்தான் திடீரென்று அது ஏறும்போது அதிகம் படுத்துகிறது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதை யாராவது அந்த வீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை மகளுக்கும் அதே அளவு படுத்தியது. ஆபீஸ் பேன்ட்ரியில் காபி மெஷின் ஓடினாலே போதும். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு ஓடுவாள், திரும்பி வந்து "நெட் போயிடுச்சு" என்பாள். எனக்காக ஒரு பஸ் நின்றது. அவளுக்காக அங்கே யார் நிற்பது? யாருக்கும்தான் தெரியாதே.

அவளுக்குக் கிடைத்த ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. முதல் தடவை போனபோதே டாக்டர் அவளை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கேட்டாராம்: "இது பிளான் பண்ணினதா? வச்சுக்கப் போறீங்களா, யோசிக்கணுமா?" அவள் யோசிக்கணும் என்றாள். டாக்டர் முகம் மாறவில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார். கருக்கலைப்புச் சட்டம் இந்த நாட்டில் 1971-லிருந்தே இருக்கிறது. கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தையும் அது ஒரு காரணமாக ஏற்கிறது. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. 2021-ல் வந்த திருத்தம் அந்தக் காரணத்தைக் கல்யாணமாகாத பெண்களுக்கும் விரித்தது. எனக்கும் அந்தச் சட்டம் இருந்தது. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன், 1994-ல் பிறந்த என் மகன் இல்லாத வாழ்க்கையை என்னால் நினைக்க முடியாது. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். நானாகச் சொன்ன 'சரி'யோடு அந்த மாதங்களைக் கடந்திருப்பேன்.

அவள் ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். லண்டன் போகவில்லை என்பதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க பெரியம்மா. எனக்கு இன்னும் அது வரல. அவங்க முகத்தப் பார்த்துட்டு நானும் சிரிக்கணும்."

இதைத்தான் நான் அன்று சொல்லத் தெரியாமல் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வர நாள் பிடிக்கும். அது வருவதற்குள் பயமும் கோபமும் வரும், அதனால் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று ஆகிவிடாது.

எட்டாவது வாரம் அவளுக்கு லேசாக ரத்தம் பட்டது. நள்ளிரவில் என்னைத்தான் கூப்பிட்டாள். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன, அதிலும் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். பாதிக்குப் பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை. குடம் தூக்கியதும் ஆட்டோவில் போனதும் காரணமில்லை. எங்கள் காலத்தில் நாள் தள்ளி வந்த தீட்டு என்று போயிருக்கும் எத்தனையோ இழப்புகளை இன்றைய பெண் பெயரிட்டு அறிகிறாள். மூன்று மாதம் சொல்லாதே என்றால், அப்படி ஒன்று நேர்ந்தால் அதையும் சொல்லாதே என்றுதானே அர்த்தம்? இருந்ததே தெரியாதவர்கள் போனதற்கு எப்படி வந்து உட்காருவார்கள்? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நாலு பேருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மறுநாள் ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருந்தது. அன்றைக்கே அம்மாவிடம் சொல் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொன்னாள்.

தங்கை உடனே எனக்கு போன் போட்டு, "பெத்தவ நான் இருக்க, ஒங்கிட்டயாக்கா மொதல்ல சொன்னா?" என்று அழுதாள், சண்டை போட்டாள். மகள் என்ன சொன்னாளோ அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நான் சிரிக்காமப் போணுமா?" என்று கேட்டாள். சமைக்கப் போ, போதும் என்றேன். நார்த்தங்காய் ஊறுகாயும் பொரியும் கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி பேசினாள்: "சோறு கொதிக்கிற வாசம் ஆக மாட்டேங்கு அவளுக்கு. இண்டக்‌ஷன் அடுப்ப பால்கனியில வச்சு வடிக்கேன். எதுத்த வீட்டுக்காரி என்னன்னு கேட்டா. எம்பொண்ணு முழுகாம இருக்கான்னு சொல்லிட்டேன். அவளும் ஒண்ணும் சொல்லலக்கா."