பழம்படம் பார்க்கையில் எழும் ஊடலில் ஒற்றளபெடை: ஒரு முன்னாய்வு

ஆய்வுக்களம் ஜொகூர் மாநிலம், பத்து பகாட் மாவட்டம், யோங் பெங். இப்பெயருக்குச் சீனத்தில் 'நிலைத்த அமைதி' என்று பொருள். அப்படிப்பட்ட ஊரில் கணவன் மனைவி சண்டையை ஆராய இடமுண்டா என்று ஐயுறுவோர் எங்கள் தாமான் குடியிருப்புக்குச் சனிக்கிழமை இரவு வந்து பார்க்கலாம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாக முடியும்வரை, கோலாலம்பூர் சிங்கப்பூர் பஸ்கள் இங்கே நின்று பசியாறிப் போகும். பயணிகள் இறங்கினார்கள், மீன் உருண்டை தின்றார்கள், ஏறினார்கள். ஆராய யாரும் இறங்கவில்லை. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோதும் நிலைமை இதுவே.

முன்னோர் ஆய்வைச் சொல்லாமல் கட்டுரை தொடங்கினால் மதிப்பெண் குறையும். வள்ளுவர் 1330 குறளில் கடைசி முப்பதையும் புலவிக்கும் ஊடலுக்குமே ஒதுக்கினார். கணவன் தும்மியதற்கும் சண்டை வரும் என்று அவரே பதிந்திருக்கிறார். உரையாசிரியர்கள் புலவி வேறு, ஊடல் வேறு என்று நுணுகி எழுதினார்கள். அவர்கள் வீட்டம்மாக்கள் எழுதிய மறுப்புரை ஏதும் அச்சேறவில்லை.

சான்றுப் படங்கள் மூன்று. முதலில் வீடியோ கேசட்டிலும், பிறகு ஆஸ்ட்ரோ டிவியிலும், இப்போது போனிலும் நாங்கள் பார்த்துவருபவை.

'திருவிளையாடல்' (1965) தட்சன் யாகத்தில் நின்றுவிடும். "சொன்ன பேச்சக் கேக்கலன்னா எரிச்சிடுறதா?" என்பது மனைவியின் வழக்கு. நான் தத்துவ விளக்கம் தருவேன். படம் நின்ற இடத்திலேயே நிற்கும் (மனைவி, நேரில்). இதில் நக்கீரர் வேடத்தை இயக்குநர் ஏ.பி. நாகராஜனே போட்டுக்கொண்டார். குற்றம் காணும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க மனம் வராதது ஆய்வுலகுக்குப் புதிதன்று.

அவர் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வேறு வகை. வாணவேடிக்கைச் சத்தத்துக்காக நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகும் சண்முகசுந்தரத்தைக் கல்யாணமான புதிதில் மனைவி "மானஸ்தர்" என்றாள். இப்போது "ரத்தக் கொதிப்பா இருக்கும், பாவம்" என்கிறாள். கூடவே என் மாத்திரை டப்பாவையும் பார்க்கிறாள். படம் அப்படியேதான் இருக்கிறது (மாமியார், கிள்ளானிலிருந்து தொலைபேசி வழி, ஸ்பீக்கர் போட்டு, இருவர் முன்னிலையில்).

அழுது வாதிடும் முறை: பழம்படத்துக்கு இருவரும் அழுவதால் யார் எதற்கு அழுதார் எனப் பிரிக்க இயலாது. விடுக.

இனி, வாதத்தில் மனைவி பதிலாகச் சொல்லும் 'ம்'.

இலக்கணப்படி மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. மகரக்குறுக்கமானால் கால். அளபெடுத்து ஒற்றளபெடையானால் ஒன்று. ஓரெழுத்து தனித்து மூன்று மாத்திரை ஒலிக்காது என்பது தொல்காப்பியர் முடிபு. அவர் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததில்லை.

மாத்திரையை அளக்க அவர் தந்த கருவிகள் கண்ணிமையும் கைநொடியும். முதலில் நொடித்து அளந்தேன். "என்ன, நாயக் கூப்பிடுறீங்களா?" என்ற வினாவால் ஆய்வு அரைமணி நேரம் தடைப்பட்டது. அடுத்த வாரம் இமைத்து அளந்தேன். கண்ணடிப்பதாகக் கொள்ளப்பட்டு ஆய்வு வேறு திசையில் திரும்பியது. அதன் முடிவுகளை இங்கே தருவதற்கில்லை.

பிறகு விளக்கணைத்து எடுத்த அளவுகள் வருமாறு. கால் மாத்திரை 'ம்': கேட்கிறது, படத்தைப் பாருங்கள். அரை மாத்திரை: உங்கள் இஷ்டம் (நேரெதிர்ப் பொருளில் கொள்க). ஒரு மாத்திரை: உங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. 'மௌன ராகம்' (1986) ஓடும்போது, கல்யாணப் பரிசாக விவாகரத்துக் கேட்டவளிடமும் குரல் உயர்த்தாத மோகனைக் காட்டி, "என்னை மாதிரியே பொறுமைசாலி" என்றேன். வந்த 'ம்' நான்கு மாத்திரை. தொல்காப்பியர் வகுத்த எல்லை உடைந்தது (காண்க: எங்கள் வீட்டு நாள்காட்டி, மே மாதத் தாள், பின்புறம், கறிக்குழம்புக் கறைக்கு வடக்கே, பென்சில் குறிப்பு, கறைக்கு அடியில் உள்ளது பாடபேதம்). ஐந்து மாத்திரை என்போரும் உளர் (மகள், பக்கத்து அறையிலிருந்து, கதவு வழி, இதை மறுத்து மகன், அதே கதவு, இருவரையும் மறுத்து நான், நாலு நம்பர் லாட்டரிச் சீட்டின் மறுபக்கம், துவைக்கப்பட்ட சட்டைப்பையில் கிடைத்த ஒரே பிரதி).

இக்கட்டுரையை மூன்றாக வெட்டி மூன்று மாநாடுகளில் படிக்க எண்ணியிருக்கிறேன். தலைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்பது துறையில் பழுத்தவர்களின் வழக்கம்.

அதற்கு முன் மனைவியிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில் ஒரே எழுத்தில் பதில் சொன்னாள். நான் இமைக்க மறந்துவிட்டதால் அளவு குறிக்கப்படவில்லை.