பங்குனி மழையும் சிங்கப்பூர் மாப்ளையும்

என்ன மாப்ளே, பொழுது விடியிறதுக்கு முந்தியே போனத் தூக்கி வானத்துக்குக் காட்டிக்கிட்டு நிக்கிறே? மேகம் வந்து கேட்டுச்சா, என்னைய ஒரு படம் புடின்னு? பங்குனியில மேகம் கூடிருச்சு, ‘செம்ம கிளைமேட்’னு நாலு பேருக்கு அனுப்பணும், அதானே? அனுப்பு, அனுப்பு. சிங்கப்பூர்ல காலத்த ஓட்டுனவன், சொந்த வரப்புல நின்னு ஈரக்காத்து வாங்குறப்ப கொஞ்சம் ஆட்டம் வரத்தான் செய்யும். ஆனா ஒண்ணு. அந்தப் படத்த ஆதனக்கோட்டையில முந்திரி வச்சிருக்கவன் பாத்தா ஒன் வம்சத்தையே வைவான். அதே படத்த விராலிமலைப் பக்கம் காடு தரிசாக் கெடக்கிறவன் பாத்தா ஒனக்குக் கெடா வெட்டி விருந்து வைப்பான். ரெண்டு பேருமே நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்காரனுகதான். ரெண்டு பேருமே நல்லவனுகதான்.

ஒக்காரு இந்தத் திண்ணையில. காப்பி வேணும்னா உங்கத்தைகிட்ட நீயே கேளு. நான் கேட்டா நேத்துப் பாக்கியும் சேந்து வரும்.

‘பங்குனி மழை பத்துக்கும் நஷ்டம்’னு பெரியவுக சொல்லி வச்சாக. எந்தப் பத்துன்னு மட்டும் யாரும் எழுதி வைக்கல. நானும் வெரல் விட்டு எண்ணிப் பாத்திருக்கேன், அஞ்சு ஆறுதான் தேறுது. மிச்சத்தப் பாட்டன் மோனைக்காகச் சேத்திருப்பான்போல. அதுக்காக அவன் பொய் சொன்னான்னு நெனைக்காத. அவன் வயல்ல என்ன நின்னுச்சோ அதப் பாத்து அவன் சொன்னான். ஒன் வயல்ல என்ன நிக்கிதுன்னு பாத்து நீ சொல்லணும். அதச் சொல்லாம, யாரோ மெட்ராஸ்ல ஒக்காந்து போடுற மழைப் படத்தப் பாத்து நீ குதிக்கிறே.

நம்ம மாவட்டத்துக்கு வருசத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதுல பெருங்கொண்ட பங்கு ஆடிக்குப் பெறகும் ஐப்பசி கார்த்திகையிலயும் விழுந்துரும். மாசி, பங்குனி, சித்திரையில விழுறது கொசுறுதான். ஆனா அந்தக் கொசுறுதான் இங்க பலபேரு வீட்டுக் கல்யாணத்த நிறுத்தியும் இருக்கு, நடத்தியும் வச்சிருக்கு. சனவரி 28-ல மேட்டூர் மதகு மூடுறது வழக்கம். அதுக்குப் பெறகு நாகுடிப் பக்கம் கல்லணைக் கால்வாய்க் கடைமடைக்காரன் பனியையும் போரையும் நம்பித்தான் பொழைக்கணும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய் வருதே மாமாங்கிறியா? வரட்டும் அப்பு. 2021 பிப்ரவரி 21-ல குன்னத்தூர்ல அடிக்கல் நட்டாக. அதுவும் மாசி மாசம்தான், பட்டம் தப்பாமத்தான் நட்டுருக்காக. தண்ணி வந்து சேர்றப்ப நானே முன்னால நின்னு மாலை போடுறேன். அதுவரைக்கும் மேகத்தப் பாத்துத்தான் ஆகணும்.

மொதல்ல நெல்லுக்காரனப் பாரு. ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் புழுதியில வெதச்ச சம்பா, தையிலயும் மாசியிலயும் அறுவடைக்கு வரும். கதிரு தலை சாஞ்சு நிக்கிறப்ப ஒரு மழை புடிச்சா நெல்லு படுத்துரும். படுத்த நெல்லு ஈரத்துல கெடந்தே மொளைக்கும். 2023 பிப்ரவரி மொத வாரத்துல டெல்டாவுல அதான நடந்துச்சு. அறுக்குற நேரத்துல மழை வந்து வயலெல்லாம் பாய் விரிச்சுருச்சு. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபா, உளுந்துக்கு 3,000 ரூபான்னு அரசாங்கம் நிவாரணம் சொல்லுச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல்ல எடுக்கக்கூடாதுங்கிற விதிய 22 வரைக்கும் தளத்துங்கன்னு மத்திய அரசுக்குக் கடிதாசி போச்சு. விதிய தளத்தலாம் மாப்ளே, நெல்லத் தளத்த முடியாது. ரோட்டுல கொட்டிக் காலால கிளறிக்கிட்டே வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும். வைக்கோலு கறுத்துப் போச்சுன்னா மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்கிரும்.

அந்த உளுந்துக்கு ஒரு கதை இருக்கு, கேளு. சம்பா அறுக்குறதுக்கு ஏழு நாளு பத்து நாளு முந்தியே, நிக்கிற நெல்லுக்குள்ள ஏக்கருக்குப் பத்துப் பன்னெண்டு கிலோ உளுந்த வீசி விட்டுருவாக. மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கணும். அறுப்பு முடிய, உளுந்து மொளைச்சு ரெண்டு எலை விட்டு நிக்கும். பெறகு அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி பாய்ச்ச மாட்டான். அடியில இருக்க ஈரமும் மேல விழுற பனியுமே போதும். ‘மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’னு சொல்லிக்கிட்டு நம்ம போர்வைய இழுத்துப் போத்துறமே, அந்தப் பனியத்தான் உளுந்து குடிச்சு வளருது. இதெல்லாம் கையறுவா காலத்து ஏற்பாடு. இப்ப அறுவடை மிசினு டயரோ செயினோ மொளைச்ச உளுந்த மிதிச்சுத் தேச்சுருது. அதனால மிசினு வந்துட்டுப் போன பெறகு தெளிக்கிறாக. நாளு தள்ளித் தெளிச்சா பூக்குற நேரம் பங்குனி வெயில்ல போய் மாட்டிக்கிரும். பூவு பொலபொலன்னு கொட்டிரும்.

வெயிலு காஞ்சு காத்து வறண்டுச்சுன்னா வெள்ளை ஈ வேற வந்துரும். அது தனியா வராது, மஞ்சத் தேமலையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வரும். வெளையாட்டாப் பேசல, உளுந்து வயலு சாமந்தித் தோட்டமா மஞ்சப் பூத்து நிக்கிறத நான் கண்ணால பாத்திருக்கேன். அதுக்குத்தான் நம்ம ஆலங்குடிப் பக்கத்துலயே, வம்பன்ல, தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வச்சிருக்காக. அங்கிட்டுருந்து வந்த வம்பன் 8, வம்பன் 11 எல்லாம் தேமலுக்குத் தாக்குப் புடிக்கிற ரகம். பூக்குறப்ப பயறு ஒண்டர்ங்கிற சத்துக் கலவைய ஏக்கருக்கு ரெண்டு கிலோ கரைச்சு அடின்னு சொல்லுவாக. பூ கொட்டாம நிக்கும். ஊரு ஒலகமெல்லாம் வந்து அங்க வெதை வாங்கிட்டுப் போறான். நீ மட்டும் யூடியூப்புல எவனோ ‘ஏக்கருக்கு ரெண்டு லட்சம்’னு சொன்ன வெதைய கொரியர்ல வாங்குறே. பஸ்ஸுக்கு இருவது ரூபா குடுக்க மனசு வரல, கொரியருக்கு இருநூறு குடுக்கிறே. நல்லா இருப்பா.

இப்ப கடலைக்கு வா. ஒன் கொல்லையில நிக்கிறது அதானே. மார்கழிக் கடைசியில போர்த் தண்ணியில வெதச்ச கடலை பங்குனியில, சித்திரையில புடுங்குறதுக்கு வரும். நம்ம செம்மண்ணு, அதுவும் செம்புராங்கல் கலந்த மண்ணு, காஞ்சுச்சுன்னா எறுகிப் போகும். செடியப் புடிச்சு இழுத்தா செடி மட்டும் கையோட வரும், காயி உள்ளுக்குள்ளயே தங்கிரும். அந்த நேரத்துல ஒரு சின்ன மழை, மண்ணு நனைய ஒரு பாட்டம், பெஞ்சுச்சுன்னு வையி, கூலியில பாதி மிச்சம். பொம்பளையாளுக சிரிச்சுக்கிட்டே புடுங்குவாக. ஆனா அதே மழை மூணு நாளு நின்னு பெஞ்சா, போச்சு. நம்ம கொத்துக் கடலைக்கு வெதை உறக்கமே கெடையாது. முத்துன காயி ஈரம் கண்ட ஒடனே மண்ணுக்குள்ளயே மொளைச்சுரும். புடுங்கிப் போட்டதுல பூசணம் புடிக்கும். பூசணம் புடிச்ச கடலைய ஆட்டுக்கும் போடக்கூடாது, அது வெசம். யாவாரி வந்து கையில நாலு காய ஒடைச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம வண்டியேறிருவான். அவன் பேசாமப் போனா என்ன அர்த்தம்னு ஒனக்குப் போகப் போகப் புரியும்.

பங்குனி மழைங்கிறது தாய்மாமன் மாதிரி மாப்ளே. சபைக்கு வந்தாகணும், மொய்ய வச்சாகணும், பந்தி முடிஞ்சதும் பேசாமக் கெளம்பிறணும். தங்குனா ரெண்டு வீட்டுக்கும் சங்கடம். சிரிக்காத. நான் ஒங்க வீட்டுல எத்தனை நாளு தங்குனேன்னு உங்கம்மா சொல்லியிருப்பா.

முந்திரிக்காரன் ஏன் ஒன்ன வைவான்னு கேட்டியே. முந்திரியும் மாவும் தையில பூவெடுத்து மாசி பங்குனியில பிஞ்சு புடிக்கும். வானம் மூடி மேகமா நின்னாலே போதும், மழை வரணும்னுகூட இல்ல. முந்திரியில தேயிலைக் கொசு ஏறும், மாவுல தத்துப்பூச்சி ஏறும். பூங்கொத்து கருகிக் கறுத்துரும். நீ ‘கூலா இருக்கு’ன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கிற அதே காலையில அவன் கைத்தெளிப்பானத் தோள்ல மாட்டிக்கிட்டு மரம் மரமா அலையிறான். ஏற்கெனவே 2018 நவம்பர் 16-ல கஜா புயலு மரத்தையெல்லாம் சாச்சுட்டுப் போயி, நட்டு வளத்து இப்பத்தான் அவன் கொஞ்சம் நிமிந்திருக்கான்.

எள்ளுக்காரன் பாடு இன்னும் சுருக்கம். ‘எள்ளுக்கு ஏழு உழவு’ன்னு மண்ண மாவாக்கி மாசியில வெதச்சிருப்பான். தண்ணி ஒரு நாளு கட்டி நின்னா வேரு அழுகிரும். பலாக்காரன் வடகாடு, மாங்காடுப் பக்கம் பெரிசா அலட்டிக்க மாட்டான். மழை கூடுனா சுளை தண்ணி கோத்து இனிப்பு மங்கும்னு ஒரு மொணகல், அவ்வளவுதான். கீரமங்கலத்துப் பூக்காரனுக்கு மட்டும் கணக்கே வேற. திருவப்பூர் மாரியம்மனுக்கு மாசியில பூச்சொரிதல், நார்த்தாமலைக்கும் கொன்னையூருக்கும் பங்குனியில திருவிழா. பூ வெலை ஏறுற நேரம். மழை பெஞ்சு பூவு நனைஞ்சா, ஆத்தா கோயிலுக்கு மழை வந்தது நல்ல சகுனம்னு கும்பிட்டுக்கிட்டே, மனசுக்குள்ள கிலோவுக்கு எவ்வளவு போச்சுன்னு கணக்குப் பாத்துக்கிட்டு நிப்பான்.

கம்மாய மறந்துட்டேன் பாரு. நம்ம மாவட்டத்துல அய்யாயிரத்துக்கு மேல கம்மாயி, குளம் இருக்கு. வெயிலு ஏற ஏறத் தண்ணி வத்தி, முழங்கால் அளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா வைப்பாக. ஊரு பெரியவுக கரையில நின்னு வெள்ளைத் துண்ட வீசுனதும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கிட்டு ஆம்பளை பொம்பளை எல்லாம் ஓடி எறங்குவாக. சாதி பாக்காம, சம்பந்தி பாக்காம ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து வெரால அமுக்குறது அன்னைக்கு ஒரு நாளுதான். அதுக்குத் தேதி குறிச்ச பெறகு கோடமழை கொட்டித் தண்ணி ஏறிருச்சுன்னா திருவிழா தள்ளிப் போகும். அன்னைக்கு ஊருல மழைய வையாத ஒரே ஆளு வெரால் மீனுதான்.

ஆனா கம்மாயி காய்றதுல ஒரு லாபமும் இருக்கு, அதத்தான் ஒங்க வயசுப் பயலுக கவனிக்க மாட்டேங்கிறீக. காஞ்ச கம்மாயிலதான் வண்டலு அள்ள முடியும். முன்ன அதுக்கு அனுமதி வாங்க அங்கிட்டும் இங்கிட்டும் அலையணும். 2024-ல தாசில்தாரே குடுக்கலாம்னு ஆக்கிட்டாக. ஒன் கொல்லை வெறும் செம்மண்ணு, தண்ணி நிக்காது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வண்டலு அடிச்சா அது வேற மண்ணாயிரும். மழை வலுத்துக் கம்மாயில தண்ணி கட்டிருச்சுன்னா லாரி எறங்காது. அப்ப மனுவக் கையில வச்சுக்கிட்டுக் கரையில நின்னு படம் புடிக்கலாம்.

விராலிமலைக்காரன் விருந்து வைப்பான்னு சொன்னேனே, அது ஏன்னா, சும்மா கெடக்கிற நெலத்துக்குக் கோடமழை பெஞ்சாத்தான் உழவு. ‘சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்’. தங்கம்னதும் உங்கத்தை எட்டிப் பாக்குறா பாரு. கோட உழவு போட்டா மண்ணுக்குள்ள ஒறங்குற கம்பளிப்புழுக் கூடெல்லாம் மேல வந்துரும். கொக்கும் மைனாவும் டிராக்டரு பின்னாலயே நடந்து பொறுக்கித் தின்னுரும், மிச்சம் வெயில்ல வெந்துரும். ஆனியில பெய்யிற மழை ஓடாம உள்ள எறங்கும். முன்னெல்லாம் சித்திரை மொத நாளு ஊரே கூடிப் பொன்னேரு பூட்டுவாக, மாட்டுக்குப் பொட்டு வச்சு. இப்ப டிராக்டருக்குப் பொட்டு வைக்கிறோம். மாடு மாதிரி அது வெக்கப்படுறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

போனையே பாக்காதன்னு நான் சொல்லல. வானிலைக்காரனும் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரனும் சேந்து வாரத்துல செவ்வாயும் வெள்ளியும் அஞ்சு நாளு மழைக் குறிப்பு குடுக்கிறாக. ஆத்தாளுக்கு உகந்த கெழமையாப் பாத்துத்தான் புடிச்சிருக்காக, கெட்டிக்காரனுக. அதப் பாரு. பாத்துட்டுப் போன மடியில வச்சுட்டு, வெறுங்காலோட கொல்லைக்கு எறங்கு. கடலையில நாலு எடத்துல செடியப் புடுங்கி, ஓட்ட ஒடைச்சு உள்பக்கம் பாரு. கறுத்துருந்தா முத்திருச்சு, மழைக்கு முந்தி இன்னைக்கே ஆளு விடு. வெளுத்துருந்தா மழைய வரச்சொல்லு, அது ஒனக்கு மொய் வைக்க வருது.

மேலக்கொல்லை ரெண்டு ஏக்கரு தரிசாத்தானே கெடக்கு? மழை பெஞ்சு ரெண்டாம் நாளு, மண்ணு கையில புடிச்சா உருண்டு, விட்டா உதிர்ற பதத்துல உழவு போட்டுரணும். சரிவுக்குக் குறுக்க ஓட்டச் சொல்லு. நேரா ஓட்டுனா சீக்கிரம் முடியும்னு டிராக்டர்க்காரன் சொல்லுவான், கேக்காத. மணிக்கு எவ்வளவுன்னு இன்னைக்கே பேசி வையி. மழை விழுந்த பெறகு பேசுனா அவன் சொல்றதுதான் ரேட்டு.