மேடையில் மட்டும் ஃபுல் சிக்னல்

பின்லாந்துக்குப் பிழைக்கத் தெரியவில்லை. 2010 ஜூலை 1 முதல் ஒவ்வொருவருக்கும் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இணையம் சட்டப்படி உரிமை என்றது. வேகத்துக்கு ஓர் எண். கொடுக்கவேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு. இதையே நம்மிடம் விட்டிருந்தால் பத்து விழா எடுத்திருப்போம்.

கேரளத்தைப் பாருங்கள். 2019-ல் இணையம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்த நவம்பரிலேயே கே-ஃபோன் இணையத் திட்டத்துக்கு 1,548 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை தலையாட்டியது. 2023 ஜூனில் தொடக்க விழா. மேடையில் சொன்னது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு. முதல் கட்டத்துக்கு ஒதுக்கியது 14,000. 2025 ஆகஸ்ட் 21-ல் நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலம் என்று இன்னொரு பட்டம். பட்டத்துக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

மலைக்கு வாருங்கள். கொரோனாவால் 2020 ஜூனில் பள்ளிக்கூடம் டிவிக்குக் குடிபோனது. மலையாளப் பாடம் அரசின் விக்டர்ஸ் சேனலில் ஓடியது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு? யூடியூபில் ஏற்றினார்கள். நெட் இல்லாதவனுக்கு நெட்டில் பாடம்! இந்த யோசனை எந்த அதிகாரிக்கு உதித்ததோ, அவர் வீட்டில் வைஃபை அமோகமாக இருந்திருக்கும். மூணாறு எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் தேடி ராஜமலைக்குப் போனார்கள். மழையில், சாலையோரத்தில், ஒரு கையில் குடை, மறு கையில் போன். ராஜமலை இருப்பது வரையாடு வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவில். வரையாட்டுக்குக் கிடைத்த சிக்னல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு எட்டவில்லை. இத்தனைக்கும் வரையாட்டுக்கு ஓட்டு கிடையாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்தது. கரண்ட் இல்லை. போன் இல்லை. ஆள் நடந்து வந்து சொல்லித்தான் மறுநாள் காலை வெளியுலகுக்குத் தெரிந்தது. 70 உயிர். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், அவர்கள் பிள்ளைகள். 1,548 கோடிக்குத் தலையாட்டி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

டெல்லி மட்டும் என்ன வாழ்ந்தது? 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கேபிள் என்று 2011-ல் கிளம்பினார்கள். பாரத்நெட் என்று பெயரை மாற்றினார்கள், கெடுவைப் பல தடவை மாற்றினார்கள். கேபிள் முடியும் முன்னே செயலி வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்குச் செயலியில்தான் வருகைப்பதிவு, தினம் இரண்டு போட்டோ என்றார்கள். விளைவு? போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே புலம்பியது. மண் சுமந்தவர் சிக்னலுக்குக் காத்துக் கிடக்க, போட்டோ கூலி வாங்கிவிட்டுப் போனது.

அடுத்த பட்டத்துக்கான விழாவையாவது திருவனந்தபுரத்தில் வைக்காதீர்கள். ஏதாவது ஓர் எஸ்டேட் லயத்து வாசலில், ஆடி மழையில் வையுங்கள். தனி டவர், தனி கேபிள் எதுவும் கூடாது. லயத்துக்காரர் கையிலிருக்கும் போனை வாங்கி அதிலேயே நேரலை செய்யுங்கள். நாங்கள் பார்க்கிறோம், தெரிந்தால்.