வாழைப்பழம் பெண்பால்

யாழ்ப்பாணத்து நீர்வேலிக் கதலிக்குலை கொழும்பு லொறியில் ஏற மொழிச் சோதனை இல்லை. ஜெர்மனியில் இருக்கிற புருசனிடம் போகும் நீர்வேலிப் பெண்ணுக்கு உண்டு. 2007 முதல் அந்த நாட்டுச் சட்டம் அப்படி. ஏ1 என்கிற தொடக்கநிலை ஜெர்மன் பாடத்தில் அவள் காண்பது: வாழைப்பழம் பெண்பால், ‘மெட்ஷன்’ என்கிற பெண்பிள்ளை ஆணுமல்லாத பெண்ணுமல்லாத மூன்றாம் பால், ஏறக்குறைய நம் அஃறிணை. கிரேக்கத்துக்கு ஓடினாலும் தப்பேலாது. அங்கும் ‘பனானா’ பெண்பால், ‘கொரீட்சி’ என்கிற சிறுமி அந்த மூன்றாம் பால்தான்.

‘குழந்தை அழுகுது’ என்று நாமும் அஃறிணையில்தானே சொல்கிறோம் என்று இலக்கண வாத்தியார் மறிப்பார். மெய்தான். ஆனால் அதைப் பிழைவிட்டதற்காக நாம் ஒருத்தியையும் புருசனிடம் போகவிடாமல் மறிப்பதில்லை. பாஷை தெரிந்தால்தானே அங்கே பிழைக்கலாம் என்பதும் நியாயம். அதை அங்கேயே சந்தையில் வெங்காயம் கேட்டுப் பழகலாமே. இலக்கணப் புலவர் சங்கர பண்டிதரின் ஊர்க்காரிக்கு இலக்கணம் பயமில்லை. தோற்றால் சோதனைக்காசும் திரும்பாது, அதுதான் பயம்.