கொந்தராத்து முதலாளிக்கு வாழ்த்துமடல்

வள்ளல்களில் வள்ளலே, கட்டடக் கலையின் கலங்கரை விளக்கே, மாண்புமிகு கொந்தராத்து முதலாளி அவர்களே!

2004 டிசம்பர் 26இல் கடல் விழுங்கியது போக மிஞ்சிய வளவுகளில், மூத்த மகளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்மாடி என்று கல்முனை முதல் நிந்தவூர் வரை வீடுகள் வானளாவி நிற்பது தங்கள் திருக்கரத்தால் அன்றோ!

தங்கள் ஏணியின் புகழை எந்த நாவால் பாடுவேன்! இரண்டு கமுகந்தடி, இடையிடையே பலகைத் துண்டு. மூன்றாம் படி தும்புக்கயிற்றில் ஊஞ்சலாடுகிறது. ஏழாம் படி இருந்த இடத்தில் ஆணி மட்டும் நிற்கிறது. புது ஏணி வாங்கிக் காசைக் கரியாக்கும் அற்பர் நடுவே, கட்டுக்கம்பி சுற்றிச் சுற்றியே அதைப் பரம்பரைச் சொத்தாகப் பேணும் பெருந்தகை தாங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி சாய்வு வேண்டும், ஏறும் இடத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும் என்று உலகோர் நடுங்குகிறார்கள். தாங்களோ மணலில் இரண்டு கொங்கிறீட் கல்லை அடுக்கி, அதன்மேல் செங்குத்தாக நிறுத்திய தீரர். அடியைப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியனையும் பிளேன்டி வாங்க அனுப்பினீர்களே, அந்த விருந்தோம்பலை என்னென்பேன்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னது எங்களைப் போன்ற சாமானியருக்கு. ஏணியைக் கட்டாமலே தவக்குல் வைக்கும் படித்தரம் தங்களுடையது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறோம். கூலி கொடுத்ததை எந்தப் புத்தகமும் அறியாமல் கொடுப்பவர் தாங்கள் ஒருவரே. பெயர்ப் பதிவில்லை, சம்பளத் துண்டில்லை, ஈ.பி.எப். இல்லை. ஆகையால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தங்கள் வாசலில் ஒரு பக்கமும் கசங்காமல் காக்கப்படுகிறது. சட்டத்தை இத்தனை பத்திரமாக வைத்திருப்பவர் நாட்டில் வேறு யார்?

மேல்சுவர் பூசிக்கொண்டிருந்த மேசன் காக்கா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, பிஸ்கட் பெட்டியோடு தாங்களே எழுந்தருளினீர்கள். “கத்ர் காக்கா, நம்மட கையில என்ன இரிக்கி?” என்று அருளினீர்கள். அவர் விழுந்தது லுஹருக்கு முன்பு. அரைநாள் கூலியைச் சதம் பிசகாமல் எண்ணித் தலையணைக்கடியில் வைத்த நீதியை இந்தக் கரையோரம் மறக்குமா!

மறுநாள் காலை அதே ஏணியில், பிளேன்டிக்குப் போன அந்தப் பொடியனையே மேசனாக உயர்த்தினீர்கள். கூலியை மட்டும் உயர்த்தவில்லை. சின்ன வயதில் காசு கூடினால் பிள்ளை கெட்டுவிடுவான் என்ற தகப்பன் மனசு தங்களுக்கு.